9999 என்ற பில் நம்பர்

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. சரக்கு வரவுப் பதிவுகளில் 'சப்ளையர் பில் நம்பர்' என்ற கட்டத்தில் 9999 என்றே நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன, வேறு வேறு சப்ளையர், வேறு வேறு தேதி, பில் நம்பர் மட்டும் ஒன்று, இது என்ன மர்மம் என்று கேட்டிருந்தார்கள். மெயில் எனக்கு வரக் காரணம், அந்தத் திட்டத்தில் நான் 'சேஞ்ச் சாம்பியன்'. அப்படி ஒரு பட்டம் கொடுத்து, அதை அச்சடித்த டி-ஷர்ட்டும் கொடுத்திருந்தார்கள். சக ஊழியர்களைப் புது சிஸ்டத்துக்குப் பழக்குவது, யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்து மேலே சொல்வது, இரண்டும் என் வேலை. இரண்டாவதை அப்போது யாரும் இப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. 'ஃபீட்பேக்' என்றார்கள்.

கிடங்குக்குப் போனேன். ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர். 9999 பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"லாரி காலையில வந்து நிக்கும் தம்பி. பில்லு சாயங்காலம்தான் மெயில்ல வரும், சில நேரம் மறுநாள். உங்க ஸ்கிரீன்ல பில் நம்பர் போடாம அடுத்த பக்கம் போக முடியாது. அதுவரைக்கும் லாரிய நிறுத்தி வெச்சா வாடகை யாரு குடுப்பா?"

"அப்ப நெஜமான பில் நம்பர் எல்லாம் எங்கண்ணே இருக்கு?"

மேசை இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். தேதி, லாரி எண், சப்ளையர், எத்தனை வந்தது, எத்தனை பாக்கி, பிறகு வந்து சேர்ந்த பில் நம்பர், எல்லாம் வரி வரியாக, ஒன்றுகூட விடாமல். ஏழு மாதமாக அந்த நிறுவனத்தின் உண்மையான சரக்குக் கணக்கு அந்த நோட்டில்தான் இருந்திருக்கிறது.

"ட்ரெய்னிங் அன்னிக்கே கேட்டேனே. நீங்ககூட பக்கத்துல நின்னீங்களே."

கேட்டார்தான். "அது இப்போதைய திட்டத்தில் வராது, குறித்து வைத்துக்கொள்கிறோம்" என்றார் ட்ரெய்னர். குறித்து வைத்தது நான். எங்கே குறித்தேன் என்றால், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று நிறம் அடித்து வைத்திருந்த ஒரு எக்செல் தாளில், அவர் பெயருக்கு நேராக, சிவப்பில். 'பழைய முறையை விட மனமில்லை' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். என் எழுத்துதான், மறுக்க முடியாது.

அதற்குப் பிறகு இதே மாதிரி நாலைந்து திட்டங்களில் இருந்துவிட்டேன். ஊழியர்களைப் புது முறைக்குக் கொண்டுவரும் வித்தையான மாற்ற மேலாண்மை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தும் பார்த்துவிட்டேன். எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் அந்தச் சிவப்புக் கட்டத்துக்கே வந்து நிற்கிறேன்.

இந்தத் துறையில் எந்த ட்ரெய்னிங்குக்குப் போனாலும் ஆரம்பத்திலேயே ஒரு ஐஸ்கட்டிப் படம் வரும். உறைந்ததை உருக்கு, புது வடிவத்தில் ஊற்று, மறுபடி உறையவை. குர்ட் லெவின் என்ற உளவியலாளரின் 'மூன்று படி மாடல்' என்று கீழே போட்டிருப்பார்கள். லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துபோனார்; அந்த வருடம் வந்த அவருடைய கட்டுரையில் இந்த உருக்கு, உறை விஷயம் சில பத்திகளில் வந்து போகிறது, அவ்வளவுதான். அதை ஒரு மாடலாகத் தூக்கி நிறுத்தியது பின்னால் வந்தவர்கள் என்று 2016-ல் மூன்று ஆய்வாளர்கள் துருவி எழுதியிருக்கிறார்கள். மனிதர்களை ஐஸ்கட்டியாகப் பார்ப்பது நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியான பார்வை என்பதால் அது நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐஸ் கேள்வி கேட்காது.

ஆனால் லெவின் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை ட்ரெய்னிங்கில் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். அது ஒரு பைஜாமா ஃபேக்டரியில் நடந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊர். ஹார்வுட் என்ற கம்பெனி அங்கே பைஜாமா தைத்தது. பீஸ் கணக்கில் கூலி. அங்கே ஒரு தலைவலி: வேலை செய்யும் முறையை ஒரு சின்ன அளவு மாற்றினால்கூட உற்பத்தி படுத்துவிடும், பல பேர் பழைய வேகத்துக்குத் திரும்பவே மாட்டார்கள், நிறைய பேர் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். கம்பெனியில் ஆள் விவகாரம் பார்த்த லெஸ்டர் காக்கும், லெவினுடைய வட்டத்தைச் சேர்ந்த ஜான் ஃப்ரெஞ்சும் இதைப் பரிசோதித்துப் பார்த்து 1948-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் வழக்கம்போல், இனிமேல் இப்படித்தான், இதுதான் புது ரேட் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இன்னொரு குழுவில் பிரதிநிதிகளை மட்டும் உட்கார வைத்துப் பேசினார்கள். மற்ற இரண்டு குழுக்களில் எல்லோரையும் சேர்த்து, செலவு ஏன் குறைய வேண்டும், எதை விட்டுவிடலாம், புது வேலைக்கு எப்படி நேரம் கணக்கிடலாம் என்று அவர்களையே சொல்லச் சொன்னார்கள்.

உத்தரவு மட்டும் கேட்ட குழு விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் போய்விட்டார்கள். எல்லோரும் சேர்ந்து பேசிய குழுக்கள் சில நாளில் பழைய வேகத்தைப் பிடித்து, பிறகு அதையும் தாண்டி சுமார் 14 சதவீதம் கூடுதலாகச் செய்தன. யாரும் வேலையை விடவில்லை.

இதோடு முடிந்திருந்தால், ஆள் வித்தியாசம், அந்தக் குழு சோம்பேறிக் குழு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் மிச்சமிருந்த 13 பேரை மறுபடி ஒன்றாக்கி வேறு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை அவர்களோடு உட்கார்ந்து பேசி. அதே ஆட்கள். இந்தத் தடவை அவர்களும் விர்ரென்று ஏறிவிட்டார்கள்.

குழுக்கள் எல்லாம் சின்னவை, செய்த வேலையும் வேறு வேறு, இன்றைய ஆய்வு முறைப்படி ஆயிரம் ஓட்டை சொல்லலாம். சொல்லட்டும். எதிர்ப்பு என்பது ஆளின் குணம் என்று நான் ஒரு எக்செல் தாளில் எழுதியதற்கு எழுபது வருடத்துக்கு முன்பே பதில் வந்திருக்கிறது, அதே துறையின் அடித்தளத்திலேயே கிடக்கிறது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அடுத்து அந்த 70 சதவீதம். 'மாற்றத் திட்டங்களில் 70 சதவீதம் தோற்கின்றன' என்று ஒரு வாக்கியம், கன்சல்டன்ட் வாயைத் திறந்தால் முதலில் விழுவது. நானும் பல ஸ்லைடுகளில் போட்டிருக்கிறேன். இதன் பூர்வீகத்தைத் தேடினால் கதை தமாஷாக இருக்கிறது. 1993-ல் மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் தொழில்முறைகளை அடியோடு மாற்றியமைப்பது பற்றி எழுதிய புத்தகத்தில், 50 முதல் 70 சதவீதம் நிறுவனங்கள் எதிர்பார்த்த பெரிய பலனை அடையவில்லை என்று ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். இது அறிவியல்பூர்வமான கணக்கில்லை என்று அவர்களே அந்த வாக்கியத்திலேயே எழுதியும் இருந்தார்கள். பிறகு அது கைமாறிக் கைமாறி, 50 உதிர்ந்து, 'மதிப்பீடு' உதிர்ந்து, 70 மட்டும் மிஞ்சியது. 2011-ல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இந்த 70-ஐச் சொன்ன ஐந்து இடங்களை எடுத்து ஆராய்ந்து, எதற்கும் பின்னால் உருப்படியான ஆதாரம் இல்லை என்று எழுதினார். அப்புறமும் அது ஸ்லைடை விட்டுப் போகவில்லை. போகாது. பயமுறுத்தப் பயன்படும் எண்ணுக்கு ஆயுள் கெட்டி.

பயமுறுத்துவது என்றதும் எரியும் மேடை ஞாபகம் வருகிறது. 1988 ஜூலையில் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை தீப்பிடித்து 167 பேர் இறந்தார்கள். மேடையில் நின்று எரிவதா, உயரத்திலிருந்து கடலில் குதிப்பதா என்ற நிலையில் குதித்துப் பிழைத்த ஒருவரின் கதை, மேலாண்மை உலகத்துக்கு வந்து 'எரியும் மேடை' என்ற உவமை ஆகிவிட்டது. மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் மாற்றத்துக்கென்று 1995-ல் எழுதிய எட்டுப் படிகளில் முதல் படியே அவசர உணர்வை உண்டாக்குவதுதான், இரண்டும் ஒட்டிக்கொண்டன. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் எலாப் தன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதே எரியும் மேடையைத்தான் சொன்னார். கடிதம் வெளியே கசிந்தது. எரிகிற மேடை என்று அவர் சொன்னது அன்றைக்குக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த அவர்களுடைய சொந்த போன்களைத்தான். குதிக்க வேண்டிய கடலான நோக்கியாவின் விண்டோஸ் போன் வர இன்னும் பல மாதம் இருந்தது. அந்தப் போன் தொழில் 2014-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. கடிதம் இல்லாவிட்டாலும் போயிருக்கலாம், ஐபோன் ஏற்கெனவே வந்துவிட்டது. எனக்கு இதில் உறுத்துவது வேறு: பல பேர் செத்த ஒரு விபத்தை எடுத்து, மாதச் சம்பளக்காரர்களைச் சுறுசுறுப்பாக்கும் உவமையாக்கியது. எங்கள் திட்டத்தின் முதல் கூட்டத்திலும் ஒரு தீப்பிடித்த படம் போட்டார்கள். கம்பெனி அப்போது லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இதே வகையில் இன்னொன்று, மரணப்படுக்கையில் இருந்த நோயாளிகளோடு பேசி எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய ஐந்து நிலைகள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அதை அப்படியே தூக்கி வளைகோடாக வரைந்து, புது சிஸ்டம் வந்ததும் ஊழியர்கள் இப்படித்தான் இறங்கி ஏறுவார்கள் என்கிறார்கள். இதில் உள்ள விஷமம் என்னவென்றால், பில் நம்பர் கட்டம் தப்பாக இருக்கிறது என்று ஒருவர் கோபமாகச் சொன்னால், அவர் சொன்னது காதில் விழாது, "ஓ, நீங்கள் கோப நிலையில் இருக்கிறீர்கள்" என்று மட்டும் விழும். சொன்னது சரியா தப்பா என்று பார்க்கவே தேவையில்லை, கொஞ்ச நாளில் ஏற்பு நிலைக்கு வந்துவிடுவார். அண்ணன் வந்தார். 9999 போட ஆரம்பித்ததும் என் தாளில் அவருக்குப் பச்சை நிறம் அடித்தேன்.

சரி, உத்தரவு போட்டு எதுவுமே நடக்காதா என்றால், நடக்கும். ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 அதிகாலை, நாடு முழுக்க வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. 1955-ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்த மாற்றம் அது. இதைப் படிப்படியாகச் செய்ய முடியாது, இந்த வாரம் லாரிகள், அடுத்த வாரம் கார்கள் என்று முன்னோட்டம் பார்க்க முடியாது. ஒரே நாளில்தான் மாற வேண்டும், மேலிருந்துதான் சொல்ல வேண்டும். அதற்கும் வருடக்கணக்கில் தயாராகி, பாட்டுப்போட்டிகூட வைத்துத்தான் மாறினார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதில் டிரைவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எதுவும் இல்லை. கிடங்கில் லாரிக்கும் பில்லுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இடைவெளி என்பது அப்படியில்லை, அது அங்கே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். நிறுவனங்களில் வரும் பெரும்பாலான மாற்றங்கள் கிடங்கு மாதிரி. நடத்தும் விதம் மட்டும் ஸ்வீடன் சாலை மாதிரி.

இந்த வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தது அறுவைசிகிச்சை செக்லிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 19 வரித் தாள்: நோயாளியின் பெயர், எந்த அறுவை, எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா, இப்படி. எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. ஒரு தாள், செலவே இல்லை, உயிர் பிழைக்கிறது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லா மருத்துவமனைகளுக்கும் இது வந்தது, எவ்வளவு தூரம் பின்பற்றுகிறோம் என்று வெளியே அறிவிக்கவும் வேண்டும். ஏறக்குறைய முழுமையாகப் பின்பற்றுகிறோம் என்றே மருத்துவமனைகள் அறிவித்தன. 2014-ல் 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தால், இறப்பு 0.71-லிருந்து 0.65. புள்ளியியல் கணக்கில் மாற்றம் என்று சொல்ல முடியாத அளவு.

ஏன் என்று இன்னமும் வாதம் நடக்கிறது. ஆய்வுக் காலம் குறுகியது, ஏற்கெனவே நல்ல மருத்துவமனைகள், இறங்க இடம் இல்லை என்று பல பதில்கள். ஆனால் செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பதும், ஒரு நர்ஸ் பெரிய டாக்டரைப் பார்த்து "கொஞ்சம் பொறுங்க, பக்கம் தப்பு" என்று சொல்வதும் ஒன்றா? தாள் எதற்காக வந்ததோ அது அந்த வாய் திறப்புக்காக. உத்தரவில் கிடைப்பது டிக். எங்கள் சிஸ்டத்தில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மாதாமாதம் அறிக்கை எடுத்தோம். 100 சதவீதம் நிரம்பியிருந்தது. 9999 ஆல்.

வாய் எப்போது திறக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) ஆலை அது; நிர்வாகமும் தொழிலாளர்களும் எலியும் பூனையுமாக இருந்து, தரம் கெட்டு, வேலைக்கு வராதோர் எண்ணிக்கை தினமும் 20 சதவீதம் என்ற நிலைக்குப் போய், 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். யாரை வேலைக்கு எடுத்தார்கள்? பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, அதே தொழிற்சங்கத்தோடு. கொஞ்ச காலத்தில் அந்த ஆலை ஜிஎம்மின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றாகிவிட்டது, வராதோர் எண்ணிக்கை 2 சதவீதம் பக்கம் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் 'ஆன்டான்' என்ற ஜப்பானியப் பெயர் கொண்ட கயிற்றைச் சொல்வார்கள். பிரச்சினை கண்ணில் பட்டால் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது மகாபாவம், தப்பான கார் ஆனாலும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். புது ஆலையில் இழுத்தவருக்கு நன்றி சொன்னார்கள். நல்ல கதைதான், ஆனால் கயிற்றைச் சொல்பவர்கள் ஒப்பந்தத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கம்பெனியின் பிழைப்பே ஆட்டம் காணும் நிலை வந்தால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை, அதற்கு முன்னால் அதிகாரிகள் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலை உள்ளே வரும் என்று சங்கத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். 1988 வாக்கில் விற்பனை விழுந்து ஆலையின் கொள்ளளவில் பெரும் பகுதி சும்மா கிடந்தபோது அந்த வார்த்தை சோதனைக்கு வந்தது. யாரையும் அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சிக்கும் சீரமைப்பு வேலைகளுக்கும் போட்டார்கள். கயிறு வேலை செய்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. இந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டாம், இரண்டு போதும் என்று ஒரு தொழிலாளி தானாக வந்து சொல்வாரா? மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போவார் என்று தெரிந்தால் சொல்வாரா? ஜிஎம் இதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பல வருடம் திண்டாடியது. கயிறு வாங்குவது சுலபம்.

நான் பார்த்த திட்டங்களில் எல்லாவற்றுக்கும் பட்ஜெட் இருந்தது. போஸ்டர், வீடியோ, ட்ரெய்னிங், சிஸ்டம் ஓட ஆரம்பிக்கும் கோ-லைவ் அன்றைக்குக் கேக், டி-ஷர்ட். "இந்தத் திட்டத்தால் யாருக்கும் வேலை போகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் மட்டும் எங்கும் பார்த்ததில்லை. எல்லா ஊழியர்களும் கூடும் டவுன் ஹால் கூட்டத்தில் யாராவது கேட்டால், "நாம் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று பதில் வரும். கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். நடு மட்டத்து மேனேஜர்களின் பாடு இதைவிட மோசம், முந்தின நாள் அவர்களுக்கே தெரிந்த விஷயத்தை மறுநாள் தன் டீமுக்கு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும், தன் நாற்காலி இருக்குமா என்பது தெரியாமலே. அவர்களைத்தான் 'மாற்றத்தைத் தடுக்கும் களிமண் அடுக்கு' என்று அறிக்கைகளில் திட்டுகிறார்கள்.

இனி என்ன ஆகும் என்று கேட்டால், ஒரு பக்கம் நம்பிக்கை இருக்கிறது. மாற்றம் என்றால் இரண்டு வருடத் திட்டம், ஒரு பெரிய கோ-லைவ், பிறகு ஓய்வு என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. மென்பொருள் ஆட்கள் இதை முதலில் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் மாற்ற மேலாண்மை என்றால் வேறு அர்த்தம், சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு, வாரம் ஒருமுறை கூடும் குழுவிடம் ஒப்புதல் வாங்குவது. அந்த மாதிரி வெளிக்குழு ஒப்புதலால் பழுது குறைவதில்லை, வேகம்தான் குறைகிறது என்று 2018 வாக்கில் வந்த ஆய்வு முடிவுகள் சொல்லின. சின்னச் சின்னதாக மாற்று, உடனே பார், தப்பானால் திருப்பு. பில் நம்பர் கட்டத்தை அன்றைக்கே கட்டாயமில்லாததாக மாற்ற முடிந்திருந்தால் நோட்டே தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கு அதற்கு ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட், மூன்று கையெழுத்து, வெண்டருக்குத் தனிக் காசு, அடுத்த காலாண்டு.

ஆனால் சின்ன மாற்றங்களுக்கும் ஒரு விலை இருக்கிறது. மாதம் ஒரு புது டூல், வாரம் ஒரு புது பட்டன், நேற்று இருந்த மெனு இன்று இல்லை. பெரிய மாற்றத்துக்காவது யாராவது வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுவார்கள், இதற்கு அதுவும் கிடையாது. ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் எத்தனை மாற்றம் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிரிவும் தன்னுடைய ஒன்றை மட்டும் எண்ணுகிறது.

அப்புறம் ஏஐ. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மின்சாரம் வந்த கதைதான் நினைவுக்கு வருகிறது. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியது 1882. தொழிற்சாலைகளில் அதன் முழுப் பலன் தெரிந்தது 1920-களில். பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990-ல் இதற்குக் காரணம் எழுதினார்: நீராவி இயந்திரம் இருந்த காலத்தில் ஆலை முழுக்க ஒரு நீண்ட தண்டு ஓடும், அதிலிருந்து பெல்ட் போட்டு எல்லா இயந்திரமும் சுழலும், அதற்கேற்ப மாடி மேல் மாடியாகக் கட்டடம். மின்சாரம் வந்ததும் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு, பெல்ட், மாடி எல்லாம் அப்படியே. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசையில் இயந்திரங்களைத் தரையில் அடுக்கலாம் என்பது நடைமுறைக்கு வர ஒரு தலைமுறை ஆனது. இன்றைக்கு நாம் பெரிய மோட்டார் கட்டத்தில் இருக்கிறோம். யாரும் படிக்காத வார அறிக்கையை முன்பு மனிதர் எழுதினார், இப்போது ஏஐ எழுதுகிறது, அதைச் சுருக்கிச் சொல்ல இன்னொரு ஏஐ. அறிக்கை எதற்கு என்று கேட்டால்தான் தண்டை அகற்ற முடியும்.

அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் வேலையின் நடுவில் இருப்பவர்கள். இங்கேதான் இந்தத் தடவை சிக்கல் முன்பு எப்போதையும்விட இறுகுகிறது. முன்பெல்லாம் ஊழியரிடம் கேட்டது, புது சிஸ்டத்துக்குப் பழகு என்று. இப்போது கேட்பது, உன் மண்டையில் இருப்பதையெல்லாம் சொல், நாங்கள் அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று. நிறைய பேர் மேனேஜருக்குத் தெரியாமல் ஏஐயைப் பயன்படுத்தி நாலு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கிறார்கள், எனக்கே அப்படிச் சிலரைத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா மிச்ச மூணு மணி நேரத்துக்கு ஆள் தேவையில்லைம்பாங்க" என்கிறார்கள். இதற்கு மேல் இவர்களுக்கு எந்த ட்ரெய்னிங்கும் தேவையில்லை. நும்மி ஒப்பந்தம் மாதிரி ஒன்று தேவை, மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் சொல்லும் ஒன்று. அப்படி எழுதத் துணியும் நிறுவனங்கள் மற்றவர்களைவிட வேகமாகப் போகும் என்று நம்புகிறேன், அதை நிரூபிக்க என்னிடம் எண் எதுவும் இல்லை, 70 சதவீதம் என்று ஒன்றைக் கிளப்பிவிடவும் மனமில்லை.

போன வருடம் நான் அந்தப் பழைய நிறுவனத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அண்ணனுக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சப்ளையர் பேப்பர்களைத் தானாகப் படித்து, லாரியையும் பில்லையும் தானாகப் பொருத்தும் ஏஐ ஒன்றைக் கொண்டுவருகிறார்கள், அதற்காக இவரோடு உட்கார்ந்து, எந்த சப்ளையர் எப்படி, யார் குறைத்து அனுப்புவார், யார் ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்புவார் என்பதையெல்லாம் ரெக்கார்டு செய்ய இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். நல்ல பையன்கள். ஒருவன் டி-ஷர்ட் போட்டிருந்தான், புது லோகோ.

அவர்கள் வெளியே போனதும் அண்ணன் என்னைப் பார்த்து, "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு தம்பி?" என்றார்.

"நீங்க ரிட்டயர் ஆகப்போறீங்கண்ணே, உங்களுக்கு என்ன பயம்?"

"எனக்கில்ல. எனக்குக் கீழ ரெண்டு பசங்க இருக்காங்கல்ல."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொல்லத்தான் வேண்டும், காலம் மாறுகிறது என்றெல்லாம் எனக்கு வாய் கூசாமல் சொல்ல வரும், சம்பளம் வாங்கிக்கொண்டு பல வருடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை. பையன்கள் திரும்பி வந்தார்கள். அவர் பொறுமையாக ஒவ்வொரு சப்ளையராகச் சொல்ல ஆரம்பித்தார், அவர்கள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இழுப்பறை மூடியே இருந்தது.